நம்ம பிள்ளைகள் ஆட்டம்

ஆனி பிறந்து சாரல் விழ ஆரம்பித்துவிட்டால், தென்காசியில் எங்களைப் போன்றவர்களின் வீடெல்லாம் சத்திரம்தான். "குத்தாலத்துல தண்ணி விழுதா?" என்று மதுரை, கோவில்பட்டி, விருதுநகர் என்று ஊர் ஊராகப் போன் வரும். "விழுது" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். மறுநாள் காலை எண்ணெய்ச் சீசாவும் துண்டுமாக வாசலில் வந்து நிற்பார்கள். ஐந்தருவிக்கு ஒரு நடை, பழைய குற்றாலத்துக்கு ஒரு நடை. குளித்துவிட்டுப் பசி பசி என்று வருவார்கள் பாருங்கள், அந்தப் பசிக்குப் பரிமாறுவதற்காகவே எத்தனை படி மாவும் ஆட்டலாம். கொடியில் ஈரத்துணி மூன்று நாளைக்குக் காயாமல் தொங்குகிறதே, அது ஒன்றுதான் எனக்குச் சங்கடம்.

ராச்சாப்பாடு முடிந்ததும் ஆண்கள் தார்சாவில் பாயை விரித்து உட்கார்ந்துவிடுவார்கள். முன்பெல்லாம் அரசியல், சினிமா, கிரிக்கெட் என்று பேச்சு போகும். சில வருஷங்களாக எங்கள் வீட்டில் கால்பந்துதான். இதற்குக் காரணம் மலைக்கு அந்தப் பக்கம் என்றே சொல்ல வேண்டும். ஆரியங்காவு தாண்டினால் புனலூர், கொல்லம். அங்கெல்லாம் பந்து என்றால் உயிர். என் மகன் அந்தப் பக்கத்துச் சிநேகிதர்களோடு சேர்ந்து மஞ்சள் பனியன் போட்டுக்கொண்டு கேரளா பிளாஸ்டர்ஸ் கட்சி ஆகிவிட்டான். என்னவருக்கு அது பொறுக்காது. "நம்ம ஊருன்னா சென்னையின்தாம்ல. ரெண்டு தடவை கோப்பை வாங்கியிருக்கு, 2015-லயும் 2018-லயும். உங்க ஆளுக வெறும் பைனலோட சரி" என்பார். பாயில் உட்கார்ந்தபடியே அப்பனும் மகனும் சண்டை போடுவார்கள்.

மதுரையிலிருந்து வரும் என் தம்பிதான் இதில் மூன்றாவது கட்சி. அவன் சேது எஃப்.சி.க்காரன். முதல் தடவை அவன் அந்தப் பெயரைச் சொன்னபோது மாமியாருக்குத்தான் முதலில் காது நிமிர்ந்தது.

"பொம்பளப் பிள்ளையளா பந்து ஆடுது?"

"ஆமா அத்தை. நம்ம மதுரை கிளப்பு. இந்தியா பூராவும் ஜெயிச்ச பிள்ளையள்."

அவன் சொன்னது வெறும் பெருமை இல்லை. 2016-ல் ஆரம்பித்த கிளப் அது. பெண்களுக்கான இந்திய லீக் போட்டி 2017-ல்தான் தொடங்கியது. மூன்றாவது வருஷத்திலேயே, 2019 மே மாதம் லூதியானாவில் நடந்த இறுதி ஆட்டத்தில் மணிப்பூர் போலீஸ் அணியை 3-1 என்று வென்று கோப்பையை எடுத்து வந்தார்கள். தமிழ்நாட்டிலிருந்து அந்தக் கோப்பையை வாங்கிய முதல் கிளப் அதுதான். அந்த அணியில் கடலூர்ப் பெண் இந்துமதி கதிரேசன் இருந்தார். பந்து ஆடிக்கொண்டே நம் தமிழ்நாடு போலீசில் சப்-இன்ஸ்பெக்டராகவும் இருந்தவர். 2020-ல் கொரோனா ஊரடங்கின்போது முகக்கவசத்தோடு சென்னைத் தெருவில் டியூட்டி பார்த்தார். மணிப்பூரிலிருந்து வந்த ரத்தன்பாலா, நேபாளத்திலிருந்து வந்த சபித்ரா பண்டாரி என்று இன்னும் சிலர். சபித்ரா அடுத்த வருஷமே கோழிக்கோட்டு கோகுலம் அணிக்குப் போய்விட்டார். அந்த வருஷக் கோப்பையும் கோகுலத்துக்கே போயிற்று. அதற்கு அடுத்த இரண்டு போட்டிகளிலும் அவர்களேதான். 2022-ல் கடைசி ஆட்டத்தில் சேது அவர்களிடமே 3-1 என்று தோற்றது.

"நாம நாத்து விடுதோம், அவன் நட்டு அறுக்கான்" என்று என் தம்பி அலுத்துக்கொள்வான். நெல் விளையும் ஊர்க்காரர்களுக்கு இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது. பணம் பெருத்த கிளப்புகள் நடுவே இது ஒரு நாற்றங்கால். சின்னப் பிள்ளைகளைக் கொண்டுவந்து ஆடப் பழக்குவார்கள். நன்றாக வந்ததும் வேறு யாராவது கூப்பிட்டுக்கொள்வார்கள். இருந்தாலும் அவனுடைய நம்பிக்கை குறைவதில்லை. ஒவ்வொரு வருஷமும் புதுப் பெயர்கள் சொல்வான். "இந்த டீமைப் பாருங்க அத்தான், எல்லாம் இருபது இருபத்தொண்ணு. இன்னும் ரெண்டே வருஷம்!"

இந்த 'இன்னும் இரண்டு வருஷம்' என்பதை நான் அடுப்படியிலிருந்து எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். சென்னையின்காரரும் அதையே சொல்வார், பிளாஸ்டர்ஸ்காரனும் அதையே சொல்வான். முதலில் சிரிப்பாக இருந்தது. பிறகு யோசித்தால், பிள்ளை வளர்க்கிற நாமும் இதைத்தானே சொல்கிறோம்! பல் முளைக்கட்டும், பள்ளிக்கூடம் போகட்டும், பத்தாவது முடியட்டும்.

நானும் பிறகு செல்போனைப் பருப்பு டப்பாவில் சாய்த்து வைத்து அந்தப் பெண்களின் ஆட்டத்தைப் பார்க்கப் பழகிவிட்டேன். யூடியூபிலேயே வரும். ஆஃப்சைடு என்பது எனக்கு விளங்க ஆறு மாதம் ஆயிற்று. ஆனால் யார் களைத்துவிட்டாள், யார் பயப்படுகிறாள், யார் பக்கத்தில் இருப்பவளுக்குக் கொடுக்காமல் தானே அடிக்கப் பார்க்கிறாள் என்பதெல்லாம் முதல் நாளே விளங்கிவிட்டது. நாலு பிள்ளைகளுக்கு ஒரே நேரத்தில் சோறு போடுகிறவளுக்கு இதெல்லாம் தெரியாதா?

ஒருமுறை தம்பி சொன்ன விஷயம் மனசில் நின்றுவிட்டது. 2022 அக்டோபரில் பதினேழு வயதுக்கு உட்பட்ட பெண்களின் உலகக் கோப்பை நம் நாட்டில் நடந்தது. நம் பிள்ளைகள் அமெரிக்காவிடம் 8-0, மொராக்கோவிடம் 3-0, பிரேசிலிடம் 5-0 என்று தோற்றார்கள். ஒரு கோல்கூடப் போட முடியவில்லை. ஊரே கேலி செய்தது. அந்த அணியில் ஆடிய புனே பெண் காஜோல் டிசோசா, பிறகு சேதுவுக்கு வந்து ஆடினார். "எட்டு கோல் வாங்கினதோட வீட்டுக்குப் போயிருந்தா இந்தப் பிள்ளை கிடைச்சிருக்குமா?" என்றான். மாமியார் பாக்கு இடித்துக்கொண்டே, "தோத்த பிள்ளைக்குத்தாம்ல ஒரு கரண்டி கூடப் போடணும்" என்றார்கள். அவர்களுக்கு எண்பது வயது நெருங்குகிறது. பதினாலு வயதில் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தப்பட்டவர்கள்.

இனி நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன்.

2025 ஜூலை 5, சனிக்கிழமை. நல்ல சீசன், வீடு நிறைய ஆட்கள். அன்றைக்கு இந்தியப் பெண்கள் அணிக்குத் தாய்லாந்தில், சியாங் மாய் என்ற ஊரில் ஆட்டம். ஜெயித்தால் 2026-ல் ஆஸ்திரேலியாவில் நடக்கும் ஆசியக் கோப்பைக்குப் போகலாம். தாய்லாந்து சாமான்யப்பட்ட அணி இல்லை; இரண்டு தடவை உலகக் கோப்பையில் ஆடியவர்கள். உலகத் தரவரிசையில் அவர்கள் 46, நாம் 70. ஆனால் நம்மவர்கள் 2-1 என்று ஜெயித்துவிட்டார்கள்! இரண்டு கோலையும் போட்டது வங்காளத்துப் பெண் சங்கீதா பாஸ்ஃபோர். தகுதிச் சுற்றில் ஆடி ஜெயித்து அந்தக் கோப்பைக்கு நம் பெண்கள் போனது அதுதான் முதல் தடவை. அந்தக் குழுவில் சேது அணியின் மாளவிகாவும் இருந்தார், காசர்கோட்டுப் பெண்.

தார்சாவில் ஒரே கொண்டாட்டம். "நம்ம பிள்ளையள்! நம்ம பிள்ளையள்!" என்று தம்பி குதித்தான். நாத்தனார் வீட்டுக்காரர், அவரை நான் அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன், இலஞ்சியில் மளிகைக் கடை வைத்திருக்கிறார், அவரும் கை தட்டினார். "நம்ம பிள்ளையள் சிங்கக்குட்டிகள்லா!" என்றார். நான் எல்லாருக்கும் சுக்குக் காப்பி ஊற்றிக்கொண்டிருந்தேன்.

அப்போது நிலைப்படியில் நின்றுகொண்டிருந்த அவர் மகள், எட்டாம் வகுப்புப் படிக்கிறவள், மெதுவாகச் சொன்னாள்: "மாமா, நானும் ஸ்கூல் டீம்ல நடுவுல ஆடுதேன். பி.டி. டீச்சர் விளையாட்டு விடுதிக்கு எழுதிப் போடச் சொல்லுதாவ."

யாரும் பேசவில்லை. அண்ணன் டம்ளரைக் கீழே வைத்தார். "அது வேற, இது வேற. நீ உள்ள போ" என்றார்.

பிள்ளை உள்ளே போய்விட்டாள். தார்சாவில் பேச்சு மறுபடியும் தாய்லாந்துக்குப் போயிற்று.

அண்ணன் கெட்ட மனிதர் இல்லை. மகள்மேல் உயிர். அவருக்கு இருந்த பயங்களை மறுநாள் அடுப்படியில் நாத்தனார் என்னிடம் வரிசையாகச் சொன்னாள். வெயிலில் கறுத்துவிடுவாள். காலில் அடிபட்டால் நாளைக்கு யார் கட்டிக்கொள்வார்கள்? வயசுக்கு வந்த பிள்ளை இப்படி ஓடினால் கர்ப்பப்பைக்கு ஆகாதாமே? வெளியூர் விடுதியில் யார் பார்த்துக்கொள்வார்கள்? "எல்லாத்துக்கும் மேல, அவ முன்ன மாதிரி இல்ல மைனி. மாடி ஏறினா மூச்சு வாங்குது. மூஞ்சி வெளுத்துப் போச்சு. பந்துதான் பிள்ளைய உருக்குதுன்னு அவுக சொல்லுதாவ."

இந்தப் பயமெல்லாம் நம் ஊரில் மட்டும்தான் என்று நினைக்காதீர்கள். என் மகன் செல்போனில் தேடி எனக்குப் படித்துக் காட்டினான். 1920 டிசம்பரில் இங்கிலாந்தில், லிவர்பூல் நகரத்தில் பெண்கள் ஆடிய ஓர் ஆட்டத்தைப் பார்க்க 53,000 பேர் வந்தார்களாம்! அடுத்த வருஷமே, இது பெண்களுக்கு ஏற்ற ஆட்டமில்லை என்று சொல்லி, கால்பந்துச் சங்கம் தன் மைதானங்களில் அவர்களை ஆடவிடாமல் தடுத்துவிட்டது. அந்தத் தடை விலக ஐம்பது வருஷம் ஆயிற்று. பிரேசிலில் 1941 முதல் 1979 வரை சட்டம் போட்டே தடுத்திருந்தார்கள். அதே பிரேசிலின் மார்த்தா என்ற பெண் பிறகு ஆறு தடவை உலகத்தின் சிறந்த வீராங்கனை ஆனார். நம் நாட்டுப் பெண்கள் அதற்கெல்லாம் முன்பே, 1980 ஜனவரியில், மலைக்கு அந்தப் பக்கம் கோழிக்கோட்டில் நடந்த ஆசியப் போட்டியில் இரண்டாவதாக வந்திருக்கிறார்கள். என்னவருக்கே இது தெரியாது!

ஆனால் இதையெல்லாம் சொல்லி ஒரு தகப்பனாரின் பயத்தைத் தீர்க்க முடியாது. பிள்ளைக்கு மூச்சு வாங்குகிறது என்றார்களே, அது எனக்கு உறுத்திற்று. நானும் நாத்தனாரும் அவளை டாக்டரம்மாவிடம் கூட்டிக்கொண்டு போனோம். அந்த அம்மா பிள்ளையின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார்கள், நகத்தைப் பார்த்தார்கள், ரத்தம் எடுக்கச் சொன்னார்கள். ஹீமோகுளோபின் 10.4. அந்த வயதுப் பெண் குழந்தைக்கு 12-க்குக் குறையக்கூடாதாம்.

"பந்து விளையாடினதால ரத்தம் குறையல. ரத்தம் குறைவா இருக்கிறதாலதான் விளையாடும்போது மூச்சு வாங்குது. வீட்டுல சும்மா உட்கார்ந்திருந்தாலும் இது இருந்திருக்கும், உங்களுக்குத் தெரிஞ்சிருக்காது. அவ்வளவுதான் வித்தியாசம்" என்றார்கள். நம் நாட்டில் 2019-21-ல் எடுத்த குடும்ப நலக் கணக்கெடுப்பில், 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருந்ததாம். நூற்றுக்கு ஐம்பத்தேழு! நம் தெருவில் எண்ணிப் பாருங்கள்.

மாதவிலக்கு எப்படி என்றும் கேட்டார்கள். ஒவ்வொரு தடவையும் ஏழெட்டு நாள் போவதாக நாத்தனார் சொன்னாள். "அதுவும் ஒரு காரணம்" என்று குறித்துக்கொண்டார்கள். ஓடுவதால் கர்ப்பப்பைக்குக் கெடுதல் இல்லை என்பதை அவர்கள் சொன்ன பிறகுதான் நாத்தனார் நம்பினாள். ஆனால் ஓடுகிற ஓட்டத்துக்குத் தக்கபடி சாப்பிடாவிட்டால் மாதவிலக்கு தள்ளிப்போகும் அல்லது நின்றுவிடும், எலும்பும் பலவீனமாகும். அப்படி ஆனால் உடனே வர வேண்டும் என்றார்கள். முழங்கால் விஷயத்தையும் மறைக்கவில்லை. முழங்காலுக்குள் இருக்கும் ஒரு தசைநார் அறுந்துபோகிற காயம், ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகமாக வருகிறதாம். அதற்காக ஆட்டத்தை நிறுத்துவதில்லை. ஆட்டத்துக்கு முன் இருபது நிமிஷம் உடம்பைப் பழக்குவதற்கென்றே ஒரு பயிற்சி முறை இருக்கிறது. குதித்து இறங்கும்போது முழங்காலை மடக்கி, உள்பக்கம் சாயாமல் இறங்கக் கற்றுக்கொடுப்பார்கள். அதை ஒழுங்காகச் செய்கிற அணிகளில் காயம் நன்றாகக் குறைகிறதாம். "டீச்சர் அதைச் செய்யச் சொல்றாங்களா?" என்று பிள்ளையிடமே கேட்டார்கள். "செய்யச் சொல்வாவ, நாங்கதான் ஏமாத்துவோம்" என்றாள் அவள். உண்மையைச் சொல்கிற பிள்ளை.

முதலில் பூச்சி மாத்திரை. பிறகு இரும்புச்சத்து மாத்திரை. எல்லார் வீட்டிலும் உதவும் என்பதால் சொல்கிறேன்: அந்த மாத்திரையைக் காப்பி, டீ, பாலோடு கொடுக்கக் கூடாது. ஒரு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். எலுமிச்சை, நெல்லிக்காய், கொய்யா இப்படிப் புளிப்பும் உயிர்ச்சத்து 'சி'யும் உள்ள ஏதாவது கூடச் சேர்ந்தால் நன்றாகப் பிடிக்கும். மலம் கறுப்பாகப் போகும், பயப்பட வேண்டாம். ரத்தம் ஏறிவிட்டது என்று பாதியில் நிறுத்தக் கூடாது. டாக்டர் சொன்ன கணக்குப்படி முடிக்க வேண்டும். எங்கள் பிள்ளை காலை எழுந்ததும் காப்பி, பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் காப்பி, வடை சுட்டால் இன்னொரு காப்பி. அதைத்தான் முதலில் குறைத்தோம். பெரிய போர்தான்!

சாப்பாட்டில் புதிதாக ஒன்றும் கண்டுபிடிக்கவில்லை. வாரம் மூன்று நாள் முருங்கைக்கீரை, தினம் ஒரு முட்டை, கேப்பைக் கூழ், சுண்டல், வாரத்தில் ஒரு நாள் ஆட்டு ஈரல். மாமியார் உளுந்தங்களியைத் தானே பொறுப்பெடுத்துக்கொண்டார்கள். கருப்புத் தோல் உளுந்து, பச்சரிசி, கருப்பட்டிப் பாகு, கடைசியில் நல்லெண்ணெய் தாராளமாக. "வயசுக்கு வந்தப்ப பதினாறு நாள் குடுத்தோம், பிறகு மறந்துட்டோம். இடுப்புக்குப் பெலன் பதினாறு நாளைக்கு மட்டுந்தான் வேணுமாக்கும்?" என்று நாத்தனாரை ஒரு பிடி பிடித்தார்கள். அண்ணனிடமும் விடவில்லை. "வருஷா வருஷம் அவளை அருவியில கொண்டு போயி நிறுத்துதீரு. பாறையில வழுக்கி விழுந்தா தலை போயிரும். அதுக்கு யாரும் பயந்து குளிக்காம இருக்கோமா மாப்ளே? பிடிக்கத் தெரிஞ்ச ஆளு பக்கத்துல இருக்கான்னு பாத்துட்டு நிக்கோம்." அவர் பதில் சொல்லவில்லை.

ஐப்பசி மாதம் மறுபடி ரத்தம் பார்த்தபோது 12.3. அண்ணன் அந்தச் சீட்டை வாங்கி இரண்டு தடவை படித்து, மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் ஒரு விஷயம் எனக்கு வேறு வழியாகத் தெரிந்தது. அவர் கடை ஏழு மணிக்குத் திறக்கிற கடை. சில நாளாக எட்டுக்குத்தான் திறக்கிறார் என்று பால்காரர் சொன்னார். காலையில் பள்ளிக்கூட மைதானத்துச் சுவர் ஓரமாக வண்டியை நிறுத்திவிட்டு நிற்கிறாராம்.

மார்கழியில் என் தம்பி ஒரு வேலையாக வந்திருந்தான். சாரல் இல்லை, கூட்டம் இல்லை, நாலே பேர். பழையபடி சேது அணிப் பேச்சு. இந்த வருஷம் வந்திருக்கும் பிள்ளைகள் யார், யார் முன்னால் ஆடுவார்கள், எல்லாம் வழக்கம்போல. நடுவில் அண்ணன் கேட்டார்:

"இந்தச் சின்ன வயசுலயே ரெண்டு காலாலயும் அடிக்கப் பழக்குவாங்களா மாப்ளே? நம்ம பிள்ளைக்கு எடது காலு வரவே மாட்டேங்குது. எல்லாத்தையும் வலது காலுக்கு மாத்துதா. அதுக்குள்ள ஒருத்தி வந்து பிடுங்கிட்டுப் போயிருதா."

என் தம்பி ஒரு விநாடி என்னைப் பார்த்தான். பிறகு எதுவும் நடக்காதது போல, சுவரில் பந்தை இடது காலால் மட்டும் அடித்துப் பழகுவது பற்றிச் சொல்ல ஆரம்பித்தான். என் மகன் இடையில் புகுந்து, அவள் நடுவில் ஆடுவதே தப்பு, ஓரத்தில் ஓடவிட வேண்டும் என்றான். என்னவர் அதை ஒப்பவில்லை. அண்ணன் இரண்டு பேரையும் மறுத்து, அவள் பந்தைக் கொடுக்கிற விதத்தைக் கையால் பாயில் கோடு போட்டுக் காட்டினார். பதினைந்து நிமிஷம் அவளைப் பற்றியேதான் பேச்சு, மதுரை டீமில் ஒருத்தியைப் பேசுகிற மாதிரி.

விடுதித் தேர்வுக்கு இன்னும் அவர் சரி என்று வாயால் சொல்லவில்லை. சித்திரை வாக்கில்தான் தேர்வு. வெளியூர் விடுதி பற்றிய பயம் அப்படியே இருக்கிறது. அது எனக்கும் இருக்கிறது. எந்த ஊர் கிடைத்தாலும் நானும் நாத்தனாரும் நேரில் போய்ச் சமையல்கட்டையும், கழிப்பறையையும், ராத்திரி யார் கூட இருப்பார்கள் என்பதையும் பார்த்துவிட்டுத்தான் சேர்ப்பது என்று பேசி வைத்திருக்கிறோம். பிள்ளை நிலைப்படியில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். இந்தத் தடவை அவளை யாரும் உள்ளே போகச் சொல்லவில்லை. "எடது காலு வருது அப்பா, நீங்க நிக்கும்போது மட்டுந்தான் வரமாட்டேங்குது" என்றாள்.